நாகாலாந்துக்காரனுக்கு நாம சொல்லிக் கொடுத்தோமாக்கும்!

போன ஞாயித்துக்கிழமை நண்பர் ஒருத்தர் வீட்டுல ஸ்லைடு ஷோ. மனுஷர் வடகிழக்கு மாநிலங்களுக்குப் போய் பறவை பார்த்துட்டு வந்திருக்கார். எழுநூறு எண்ணூறு படம். கையில முறுக்குத் தட்டைக் கொடுத்து உட்கார வச்சுட்டார், தப்பிக்க வழியில்லை. படங்கள் நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும். ஆனா ஒரு படத்துக்கு அவர் கொடுத்த விளக்கம்தான் இன்னிக்கு இந்தப் பதிவை எழுத வச்சிருக்கு.

கரண்ட் கம்பி முழுக்க கொத்துக் கொத்தா அமூர் வல்லூறுகள். "பாஸ், 2012 வரைக்கும் இந்த ஊர்க்காரனுங்க இதையெல்லாம் பிடிச்சுத் தின்னுட்டு இருந்தானுங்க. பறக்கிறதுல ஏரோப்ளேன், நாலு கால்ல மேசை, இந்த ரெண்டைத்தான் விட்டு வைப்பானுங்க. நம்ம ஆளுங்க போய் சொல்லிக் கொடுத்தாங்க, திருந்திட்டானுங்க. இப்ப எகோ டூரிஸம் வந்து காசு கொட்டுது. அதான் பறவை பிழைச்சுது" அப்படின்னார். சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க.

அங்கேயே சண்டை போட்டிருக்கணும். வாயில முறுக்கு. அதனால இங்கே.

முதல்ல நடந்ததை மறைக்காம சொல்லிடறேன், இல்லேன்னா வக்காலத்து வாங்குறேன்னு சொல்லிடுவீங்க. அமூர் வல்லூறு ஒரு புறாவை விடச் சின்ன உருவம், எடை சுமாரா நூத்தம்பது கிராம் இருக்கும். சைபீரியாவின் தென்கிழக்கு, மங்கோலியா, வட சீனப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தென் ஆப்பிரிக்கா பக்கம் போற பறவை. போற வழியில அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு இந்தியாவுல இறங்கி, வயிறு முட்டத் தின்னு, உடம்புல கொழுப்பு ஏத்திக்கிட்டு, அப்புறம் இந்தியாவைக் கடந்து அரபிக்கடலை இடையில எங்கேயும் இறங்காமத் தாண்டும். நாகாலாந்துல வோக்கா மாவட்டம், பாங்டி கிராமம், தோயாங் நீர்த்தேக்கம் - இந்தப் பக்கம்தான் பெருங்கூட்டமா அடையும். 2012 அக்டோபர்ல சஷாங்க் தால்வி, ராம்கி ஸ்ரீனிவாசன், பானோ ஹராலு, ரோகோஹேபி குவோட்சு நாலு பேரும் அங்கே போய் படமும் வீடியோவும் எடுத்து வெளியிட்டாங்க. அடையிற மரங்களுக்கு நடுவுல வலை. விடியக்காலையில சிக்கின பறவையை உயிரோடவே கொசுவலைக்குள்ள அடைச்சு வச்சு, அப்புறம் இறகு பிடுங்கி, புகை போட்டு, சந்தைக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரத்துல இருந்து பதினாலாயிரம், சீசன் உச்சத்துல ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேலே செத்திருக்கும்னு அவங்க மதிப்பீடு. பார்த்தவங்களுக்கு அன்னிக்குச் சோறு இறங்கியிருக்காது. எனக்கு இறங்கலை.

இது நடந்துச்சு. யாரும் மறுக்கலை. பாங்டிக்காரங்களும்.

இப்ப ஒரு கேள்வி. அந்த வலை எங்கேருந்து வந்துச்சு?

அது மீன் வலை. பரம்பரை பரம்பரையா வல்லூறு பிடிக்கன்னு பின்னின வலை இல்லை. தோயாங் ஆத்துக்குக் குறுக்கே 75 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டினாங்க, 2000-ல வேலை முடிஞ்சு மின்சாரம் வர ஆரம்பிச்சுது. பள்ளத்தாக்குல இருந்த நல்ல விளைநிலம் தண்ணிக்குள்ள போச்சு. லோதா நாகர்களோட நிலம். விவசாயம் பண்ணிட்டு இருந்தவன் மீன் பிடிக்கப் பழகினான், வலை வாங்கினான். இன்னொரு பக்கம், மழை முடியிற நேரத்துல அந்தப் பக்கத்துல ஈசல் கோடிக்கணக்குல கிளம்பும். ஈசலுக்காக வல்லூறு வந்து குவியும். நம்ம ஊர்ல மழைக்குப் பிறகு விளக்கு வச்சு ஈசல் பிடிச்சு, பொரி அரிசியோட வறுத்துத் தின்ன ஆளுங்க இதைப் படிக்கிறவங்கள்லயே இருப்பீங்க (நான் தின்னிருக்கேன், ருசியா இருக்கும்). ஈசல் இலவசமா வர்றப்ப நாம விடலை. கையில மீன் வலையும், போன நிலமும், தலைக்கு மேலே லட்சக்கணக்குல பறவையும் இருந்தவன் விடலை. தப்புதான். ஆனா "காட்டுமிராண்டி வழக்கம்"னு சொல்றப்ப, அந்த வழக்கம் பெரிய அளவுல கிளம்பினதுக்கும் நமக்கெல்லாம் வெளிச்சம் தர்ற ஒரு அணைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாம விட்டா அது பாதிக் கதை.

நம்ம பக்கத்து ஹைவே ஓரங்கள்ல கொக்கையும் மடையானையும் "காடை, காடை"ன்னு தூக்கிக் காட்டி விக்கிறதைப் பத்தி நண்பர் ஸ்லைடு எதுவும் வச்சிருக்கலை. சும்மா சொன்னேன் :-)

சரி, அடுத்தது. "நாம சொல்லிக் கொடுத்தோம்."

வீடியோ வெளியானதும் உலகம் பூரா சத்தம் எழுந்தது உண்மை. அரசாங்கத்துல இருந்து நெருக்கடி வந்தது உண்மை. பானோ ஹராலுவும் மத்தவங்களும் ஊர் ஊரா நடந்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு மன்றம் வச்சுப் பேசினது உண்மை. பானோ ஹராலு யாரு? நாகாலாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர். "நம்ம ஆளுங்க போய்" அப்படின்னு நண்பர் சொன்னாரே, அந்த "நம்ம"வுல முதல் ஆளே நாகா பெண்மணிதான். ஆனா இவங்க யாருக்கும் பாங்டியில ஒரு வலையை இறக்க அதிகாரம் கிடையாது. இறக்கினது கிராம சபை. தீர்மானம் போட்டாங்க, மீறினா அபராதம்னாங்க. சர்ச்சுல போதகர் பேசினார். பறவை அடையிற நிலத்துக்குச் சொந்தக்காரங்க சங்கம் வச்சாங்க, ராத்திரி காவல் போனாங்க. வலை போட்டவங்களே காவல்காரங்க ஆனாங்க. 2013 சீசன்ல அங்கே ஒரு பறவை கூட வலையில சாகலை. லட்சத்துல இருந்து பூஜ்யம், ஒரே வருஷத்துல. அந்த நவம்பர்ல மூணு பறவைக்கு சாட்டிலைட் கருவி கட்டிப் பறக்க விட்டப்ப நாகா, வோக்கா, பாங்டின்னு பேரு வச்சாங்க.

நம்ம நாட்டுல வனத்துறை, போலீஸ், கோர்ட்டு எல்லாம் சேர்ந்து ஒரு தடையை ஒரே வருஷத்துல முழுசா அமல்படுத்தின உதாரணம் ஒண்ணு சொல்லுங்க, நான் இந்தப் பதிவை அழிச்சுடறேன்.

எப்படி முடிஞ்சுது? இங்கேதான் எனக்கும் நண்பருக்கும் அடிப்படையான சண்டை. அவர் டூரிஸம்ங்கிறார். நான் நிலம்ங்கிறேன்.

நாகாலாந்துல காடு பெரும்பாலும் சர்க்காரோடது இல்லை. சுமார் 88 சதவீதம் கிராமங்களுக்கும், குலங்களுக்கும், தனி ஆட்களுக்கும் சொந்தம். 1962-ல அரசியல் சட்டத்துல 371ஏ பிரிவைச் சேர்த்தாங்க. நிலம், அதன் வளங்கள், நாகர் வழக்கச் சட்டம் இதுல எல்லாம் பார்லிமெண்ட் போடுற சட்டம், மாநில சட்டசபை ஏத்துக்கிட்டாத்தான் அங்கே செல்லும். அதனால பாங்டி கிராம சபை "இனி வேட்டை கிடையாது"ன்னு சொன்னப்ப அது சம்பிரதாயத் தீர்மானம் இல்லை. மரம் யாருதோ அவனே சொன்ன சொல். நம்ம பக்கம் கிராம சபைத் தீர்மானத்தை பி.டி.ஓ. ஆபீஸ்ல எந்த ஃபைலுக்குள்ள வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சுற்றுலாதான் காரணம்னா, சுற்றுலா முதல்ல வந்திருக்கணும், கட்டுப்பாடு பின்னால வந்திருக்கணும். எந்த ஊரை எடுத்தாலும் வரிசை தலைகீழாத்தான் இருக்கு. கோஹிமாவுல இருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி கோனோமான்னு ஒரு அங்காமி நாகர் கிராமம். 1879-ல பிரிட்டிஷ்காரனைக் கோட்டைக்குள்ள உட்கார்ந்து திணறடிச்ச ஊரு, வேட்டைங்கிறது அவங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, கௌரவம். அங்கே ட்ரகோபன்னு ஒரு காட்டுக்கோழி. ஆண் பறவைக்குச் செக்கச் செவேல்னு தலையும் கழுத்தும், மூஞ்சி மட்டும் மஞ்சள். 1993-ல நடந்த வேட்டையில சுமார் முந்நூறு ட்ரகோபன் விழுந்ததாச் சொல்றாங்க. அதுல மனசு கலங்கின சில பேரு ஊருக்குள்ள பேச ஆரம்பிச்சாங்க. பேச்சுன்னா ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கா. பெரியவங்க ஒத்துக்கலை, இளவட்டம் ஒத்துக்கலை. கடைசியில 1998-ல சுமார் இருபது சதுர கிலோமீட்டர் காட்டைத் தாங்களே சரணாலயமா அறிவிச்சாங்க. அந்த வருஷம் அங்கே எத்தனை டூரிஸ்ட் போயிருப்பான்? நாகாலாந்துல துப்பாக்கிச் சத்தம் அடங்கினதே 1997 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். டூரிஸம் துறைப் பணம், "பசுமை கிராமம்"ங்கிற பேரு, வீட்டுல தங்கல் வசதி எல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது.

அருணாச்சலப் பிரதேசத்துலயும் இதே கதைதான், கொஞ்சம் வித்தியாசமா. மேற்கு காமெங் மாவட்டத்துல ஈகிள்நெஸ்ட் சரணாலயம் பக்கத்துல புகுன்னு ஒரு சின்னப் பழங்குடி. ரமணா ஆத்ரேயாங்கிற வானியல் விஞ்ஞானி (ஆமா, நட்சத்திரம் பார்க்கிறவர்தான்) 1995-ல அங்கே ஒரு புதுப் பறவையை ஒரு நொடி பார்த்தார். பத்து வருஷம் கழிச்சுத்தான் திரும்பக் கண்ணுல பட்டுது. 2006-ல உலகத்துக்கு அறிவிச்சப்ப புதுப் பறவைக்கு வழக்கமாச் செய்ற மாதிரி ஒண்ணைக் கொன்னு மியூசியத்துல வைக்கலை. மொத்தமே விரல் விட்டு எண்ணுற அளவு இருக்கிறதைக் கொல்ல மனசு வரலை. பிடிச்சு, படமும் இறகும் எடுத்துட்டு விட்டுட்டார். பேரு அந்த மக்கள் பேராலயே, புகுன் லியோசிக்லா. அந்தப் பறவை வாழ்ந்த காடு பெரும்பாலும் சர்க்கார் சரணாலயத்துக்கு வெளியே, சிங்சுங் கிராமத்து நிலத்துல. 2017-ல அந்த ஊர்க்காரங்க தங்களோட நிலத்துல பதினேழு சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமா ஒதுக்கினாங்க. அங்கே பறவை பார்க்க வர்றவங்களுக்கான முகாம்கள்ல உள்ளூர்க்காரங்களுக்கு வருமானம் இருக்குங்கிறதை நான் மறுக்கலை. அங்கே சுற்றுலா உதவியிருக்கு. ஆனா மரம் வெட்டினா வர்ற காசுக்கு முன்னாடி அது எந்த மூலைக்கு? பதினேழு சதுர கிலோமீட்டர் காட்டை வித்தா எவ்வளவு வரும்னு நண்பர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

"காசு கொட்டுது"ன்னாரே, அதுக்கு வர்றேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு.

2018 நவம்பர்ல நானும் பாங்டிக்குப் போனேன். இன்னர் லைன் பெர்மிட் வாங்கி, திமாபூர்ல இறங்கி, சுமோவுல முதுகெலும்பைத் தனித்தனியா எண்ணிக்கிட்டே மலையேறி. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுது. தங்கின வீட்டுல சோறும், மூங்கில் குருத்து போட்ட பன்னிக்கறியும். விடியக்காலையில கூட்டிட்டுப் போக அந்த வீட்டுக்காரரே வந்தார், ஐம்பது வயசு இருக்கும். நாள் ஒண்ணுக்கு 1500 ரூபாய்னார். நான் நம்ம ஊர் வழக்கப்படி "1200 வச்சுக்கலாமே"ன்னு அரைகுறை ஹிந்தியில ஆரம்பிச்சேன். மனுஷர் ஒண்ணும் சொல்லலை. சரின்னுட்டார்.

மறுநாள் கண்காணிப்புக் கோபுரத்துல உட்கார்ந்திருக்கோம். வானம் பூரா பறவை. அதை எழுத எனக்குத் தெரியலை, போய்ப் பார்த்துக்குங்க. அவரே பேச்சுக் கொடுத்தார். முன்னே அவரும் வலை போட்டவர்தான். ஒரு சீசன்ல வர்ற பணத்துல பிள்ளைங்களோட ஒரு வருஷப் பள்ளிக்கூடச் செலவு ஓடிடுமாம். "இப்ப?"ன்னேன். "இப்ப உங்களை மாதிரி ஆளுங்க வர்றாங்க"ன்னார். எத்தனை பேர்னு கேட்டேன். அந்த சீசன்ல அவர் வீட்டுல தங்கின ஆறாவது ஆளு நான். ஆறாவது ஆளு, முந்நூறு ரூபாய் குறைச்சவன்.

கணக்கு சிம்பிள். பறவை தங்குறதே ஆறேழு வாரம். அதுல டூரிஸ்ட் வர்றது உச்சத்துல ரெண்டு வாரம். வீட்டுல தங்கல் வசதி பண்ண கட்டில், கக்கூஸ், தண்ணி டேங்க் எல்லாம் கைக்காசு. ரோடு நல்லாயில்லை, மழை பெஞ்சா வண்டி வராது. வர்ற பாதிப் பேர் பக்கத்து ஊர்ல தங்கி, காலையில வந்து படம் எடுத்துட்டுப் போயிடறான். பெரிய நகரத்துல இருந்து பேக்கேஜ் போடுறவன் ஒரு ஆளுக்கு வாங்குற தொகையில கிராமத்துக்குள்ள எவ்வளவு இறங்குதுன்னு கேட்டா, பல சமயம் நுழைவுக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். வேட்டையை விட்டா வேலை வரும், ரோடு வரும்னு 2013-ல நம்பினோம், வரலைன்னு பாங்டிக்காரங்க புலம்பினதைப் பின்னால பல பத்திரிகைகள் எழுதியிருக்கு. அவங்க நம்ம கிட்ட பிச்சை கேக்கலை. கொடுத்த வாக்கைக் கேக்கறாங்க.

இப்ப சிலர் கேப்பீங்க, "எங்க கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கிறதில்லையே, நாங்க காசா கேட்டோம்?"னு. வேட்டங்குடி பக்கம் அந்த ஊர்க்காரங்களுக்கு என் கும்பிடு, அதுல மாற்றமே இல்லை. ஆனா அவங்க விட்டது பட்டாசை. பாங்டிக்காரன் விட்டது பிள்ளையோட ஃபீஸை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

இன்னொண்ணும் இருக்கு, அதை யோசிக்கத்தான் எனக்குப் பயமா இருக்கு. சுற்றுலாவாலதான் பறவை பிழைக்குதுன்னு நாம அடிச்சுச் சொல்லச் சொல்ல, அங்கே இருக்கிற சின்னப் பையன் அதைக் கேட்டுக்கிட்டே வளர்றான். அப்ப சுற்றுலா நின்னா? 2020-ல நின்னுதே. ஒரு பய போகலை. அந்த அக்டோபர்லயும் வல்லூறு வந்துச்சு. பாங்டியில பழையபடி வலை ஏறினதா சேதி இல்லை. நண்பரோட கணக்குப்படி ஏறியிருக்கணும். ஏன் ஏறலை? காவல் காத்தது நம்ம காசுக்காக இல்லை, அவ்வளவுதான். சபையில கொடுத்த வாக்கு, சர்ச்சுல கேட்ட பேச்சு, பறவைக்குத் தங்க ஊர் பேரையே வச்ச பெருமை, பக்கத்து ஊர் முன்னாடி தலை குனியக் கூடாதுங்கிற ரோஷம். இதையெல்லாம் "எகோ டூரிஸம்"னு ஒரே வார்த்தையில நாம சுருட்டறோம். சுருட்டினா நாளைக்கு அந்தப் பையன், டூரிஸ்ட் வரலை, அப்ப காவல் எதுக்குன்னு கேப்பான். அந்தக் கேள்வியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாமதான், இதுல சந்தேகம் வேண்டாம்.

போகாதீங்கன்னு சொல்லலை. போங்க. ஊர்ச் சங்கம் வச்சிருக்கிற கட்டணத்தைக் கட்டுங்க, ஊருக்குள்ள தங்குங்க, ஊர் ஆளை வழிகாட்டியா வச்சுக்குங்க. ட்ரகோபன் வெளியே வரலைன்னு மொபைல்ல அதோட குரலைப் போட்டுப் போட்டு இழுக்காதீங்க, அது எதிரி வந்துட்டான்னு நினைச்சு அலையுது. வழிகாட்டி வேண்டாம்னா வேண்டாம்தான். அவர் ஊரு அது. முக்கியமா, திரும்பி வந்து ஸ்லைடு போடுறப்ப "அவனுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க.

இவ்வளவையும் நேத்து ராத்திரி நண்பருக்கு போன் போட்டுச் சொன்னேன். பொறுமையா கேட்டார், நல்ல மனுஷர்தான். "நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு பாஸ்"னார். அப்புறம், வர்ற நவம்பர்ல குடும்பத்தோட திரும்பப் போறாராம், நான் தங்கின வீட்டு நம்பர் வேணும்னார். கொடுத்தேன்.

"ரேட்டு எப்படி, கொஞ்சம் குறைப்பாங்களா?"

அந்த 300 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.